இருபதாவது ஊசி

செவ்வாயும் வெள்ளியும் மலை இறங்குகிறேன்.
ஏற்காடு பஸ்ஸில் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம்.
முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே
மடித்த டர்க்கி டவல் ஒன்று.
டவல் ஹாஸ்டலுடையது. திருப்பி வைத்துவிடுவேன்.

வாரத்துக்கு நூற்று நாற்பது பெட்ஷீட்.
நனைந்தபின் அது என்ன கனமென்று
படுத்துத் தூங்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது,
எல் நாலுக்கும் எல் ஐந்துக்கும் தெரியும்.
பெரியாஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
'தேய்மானம்' என்றார்கள்,
செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல.
மாத்திரை கொஞ்ச நாள் இடுப்பைக் காத்தது.
பிறகு வயிறு எரியத் தொடங்கியது.

இந்த பஸ்ஸில் சீட்டுக்கு ஒரு வைத்தியர்.
மிளகு மூட்டை ஏற்றும் முனிரத்தினம்
நொச்சித் தழையில் ஆவி பிடிக்கச் சொன்னான்.
கண்டக்டர் சில்லறை எண்ணியபடியே
"வர்மம் தெரிஞ்சவன் தட்டுனா ஒரே தட்டுதான்" என்றார்.
எங்கே தட்டுவார்கள் என்று கேட்பதற்குள்
அடிவாரம் வந்துவிட்டது.
எல்லாம் செய்தேன்.
விளக்கெண்ணெய், சுடுமணல், உப்பு ஒத்தடம்.
கண்ணாடிக் குவளை கவிழ்த்து உறிஞ்சியதில்
முதுகில் ஏழு கறுத்த நிலா, பத்து நாள் தேயாமல்.
ஒத்தடம் நன்றாகத்தான் இருந்தது,
ஆறும்வரை.

இப்போது மெஹருன்னிசா.
செவ்வாய்பேட்டையில் தட்டுவடை செட் கடைக்கு மேல்மாடி.
"டாக்டர்னு கூப்பிடாதீங்க,
நான் இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருந்தவ"
என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.
அதனாலேயே நம்பினேன்.
குப்புறப் படுத்திருக்கையில்
பூண்டுச் சட்னி வாசம் படியேறி வரும்.
இருபது ஊசி. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன்.
"பத்துக்கு எத்தனை வலி?"
ஏழு என்பேன். எட்டென்றால் அவள் முகம் வாடும்.
எழும்போது மறுபடி கேட்பாள்.
நாலு.
அது பொய்யில்லை.

அடிவாரம் தாண்டியதும் பலகைகள் ஆரம்பம்:
கொண்டை ஊசி வளைவு, ஒன்று.
இருபது ஊசி இறக்கி வைத்ததை
இருபது கொண்டை ஊசியில் ஏற்றிப்போகிறது பஸ்.
மூன்றாம் வளைவில் ஐந்து.
ஒன்பதில் ஆறு.
பதினாலில் டிரைவர் கியர் மாற்றுகையில்
இடுப்புக்குள் யாரோ பெட்ஷீட் பிழிகிறார்கள்.
ஏரி தெரியும்போது ஏழு,
காலையில் வைத்த இடத்திலேயே.

"அப்புறம் எதுக்குத்தான் போற?"
என்றார் என் வீட்டுக்காரர் சகாயராஜ்.
கணக்குப் போட்டுச் சொன்னேன்:
அந்த மேசையிலிருந்து மூன்றாம் வளைவு வரை
ஒரு மணி பத்து நிமிடம்,
பஸ் சார்ஜோடு நானூற்றைம்பது ரூபாய்.
"அந்த நேரத்துல என்ன பண்ணுவ?"
ஒன்றுமில்லை.
சும்மா உட்கார்ந்திருப்பேன்.
அதைத்தான் வாங்குகிறேன்.
அவர் பேசவில்லை. மறுநாள் விறகை அவரே தூக்கி வந்தார்.

போன வெள்ளி, ஊசிகளை உருவும்போது
வழக்கம்போல் எண்ணினேன்.
பத்தொன்பது.
என் எண்ணிக்கைதான் தப்பு என்று விட்டுவிட்டேன்.
மலையில் மூடுபனி. எதிரே லாரிக்கு வழிவிட்டு
பதினோராம் வளைவில் பஸ் குலுங்கி நின்றது.
கலைந்த கொண்டையை முடியக் கை போனது.
காதுக்கு மேலே, முடிக்குள்,
மெல்லிசாக, சில்லென்று ஒன்று.
உருவினேன். ரத்தம் இல்லை.
டிக்கெட்டில் சுற்றி பர்ஸில் போட்டேன்.
பக்கத்து சீட்டுக்காரி பார்த்துவிட்டு
ஜன்னலை நோக்கித் திரும்பிக்கொண்டாள்.

போனில் மெஹருன்னிசா அழுதேவிட்டாள்.
யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்றாள்,
சாமி சத்தியமா இது வரைக்கும் இப்படி ஆனதில்லை என்றாள்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
பழக்க தோஷத்தில் கேட்டாள்:
"பத்துக்கு எத்தனை?"

வெளியே பார்த்தேன்.
பனிக்குள் ஒரு பலகை பின்னால் போனது, பதினாறு.
பதினாலு எப்போது போயிற்று?

"இருங்க," என்றேன்,
"பார்த்துச் சொல்றேன்."