இழுவை எடை

எங்கள் காரின் கையேட்டில், எழுபத்திரண்டாம் பக்கத்தில்
ஒரே வரி: ஆயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் இழுக்காதே.
அங்கிருந்துதான் ஆரம்பித்தோம் நானும் லாக்லனும்,
டௌப்போ ஏரிக்குத் தெற்கே
மலைகள் வெளுத்துக் கிடந்த ஒரு ஜூலையில்.

எனக்குப் பந்தயம் வேண்டும்.
சனிக்கிழமை பத்து மணித் துப்பாக்கி வெடிக்க,
கோட்டைத் தாண்டும்போது
அடிவயிற்றில் இறங்குமே ஒரு குளிர், அது.
அவனுக்குக் கெட்டில்.
மேற்குக் கரையில், சாலை போகாத குடா ஒன்றில்
நங்கூரம் போட்டுவிட்டுத்
தண்ணீர் கொதிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே படகு. ஒன்றரைச் சம்பளம்.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
எங்கள் வீட்டில் மீசை எனக்கு.

முதலில் பார்த்தது ஹாமில்டனில், சிவப்பு.
கத்தி முனை. தூக்கி இறக்கும் ஏரா,
ஈயம் நிறைத்த மீன்செதில் போல.
நான் அதைத் தடவிக்கொண்டே நின்றேன்.
அவன் உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தான்.
முழங்கால் ஏராப்பெட்டியில் இடித்தது, நெற்றி கூரையில்.
"சவப்பெட்டியைக்கூட அளவெடுத்துச் செய்வார்கள்" என்றான்.
விற்பவர் காதில் விழுந்துவிட்டது.

இரண்டாவது டௌரங்காவில்.
அடுப்பு, கழுவுதொட்டி, பூப்போட்ட திரைச்சீலை,
நான்கு பேர் தூங்கலாம், காலடியில் ஒரு நாயும்.
காற்றில் எப்படிப் போகும் என்று கேட்டேன்.
"போகும்" என்றார் அந்த அம்மாள்,
மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல.
எடை ஆயிரத்து எண்ணூறு.
காரை மாற்ற வேண்டும். பிறகு கார் நிற்க வீட்டையும்.

மூன்றாவது டோகானு போகும் வழியில்,
ஒரு மாட்டு வைத்தியரின் புல்வெளியில் நின்றது.
டிரெய்லர் அச்சில் துரு. மேலே தார்ப்பாய்.
தார்ப்பாய்க்குள் ஒரு கோழி முட்டையிட்டிருந்தது.
இருபத்திரண்டு அடி. ஒரு காலத்து மஞ்சள், இப்போது மோர்.

"வேகமா?"
"சுமார்."
"வசதி?"
"அதுவும் சுமார்தான்."
"பின்னே எதற்குப் பத்தொன்பது வருஷம் வைத்திருந்தீர்கள்?"
ஏட்ரியன் அந்த முட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
"மழை வந்தால்
நாற்பது நிமிஷத்தில் வீட்டுக்கு இழுத்து வந்துவிடலாம்" என்றார்.
"வந்ததேயில்லை."

பாய்மரத்தை அங்கேயே நிமிர்த்திப் பார்த்தோம்.
அவன் முன்கயிற்றை இழுக்க, நான் அடியில் தோள்கொடுக்க,
பாதியில் மூவரும் ஒரே சமயத்தில் அண்ணாந்தோம்,
மேலே மின்கம்பி இருக்கிறதா என்று.

ஆயிரத்து நானூற்று அறுபது.
மீதி நாற்பது கிலோ.

அந்த நாற்பதுக்குள்தான் இப்போது எங்கள் குடித்தனம்.
வெள்ளி இரவு நான் இறக்குவேன்:
அடுப்பு, கெட்டில், இரண்டாவது போர்வை,
அவனுடைய பறவைகள் பற்றிய தடித்த புத்தகம்.
அவன் மறுபடி ஏற்றுவான், சத்தம் போடாமல்.
சில வாரம் கெட்டில் மட்டும் தப்பித்து என்னோடு பந்தயத்துக்கு வரும்.

நவம்பரில் ஒருநாள் நங்கூரத்தையும் இறக்கினேன்.
சங்கிலியோடு பதினொரு கிலோ.
சொல்லவில்லை.
பதினேழு படகில் நாங்கள் பதினான்காவது.
முடிந்த கையோடு அவன் மேற்கே திருப்பினான், சீட்டியடித்தபடி.
குடாவுக்குள் வந்து பாயை இறக்கி
முன்பெட்டியைத் திறந்தான்.
என்னைப் பார்த்தான்.
நான் மலையைப் பார்த்தேன்.

கரையோரக் கோவாய் மரம் ஒன்றில் கட்டினோம்.
கயிறு எட்டவில்லை.
என் பந்தயப் பாயின் கயிற்றை அவிழ்த்து முடிந்து நீட்டினோம்.
குளிர்ந்த பீன்ஸ், டப்பாவோடு. ஒரு கரண்டி. ஒரு போர்வை.
காற்று மாறும்போதெல்லாம்
யாராவது ஒருவர் எழுந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தோம்.

மூன்று மணி இருக்கும்.
"பதினொரு கிலோவுக்கு
எத்தனை இடம் முன்னேறினோம்?" என்று கேட்டான்.
"ஒன்று" என்றேன்.
"பதினைந்தாவது ஆள் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்."

சிரித்தானா, குளிரில் நடுங்கினானா,
இருட்டில் தெரியவில்லை.
படகு முழுக்க ஆடியது.