எட்டாவது முளை

ஜப்பான் கூடாரம், இருவர் படுக்கலாம், பச்சை நிறம்.
மூன்றே முறை பயன்படுத்தியது.
விலை இருநூற்று எண்பது வெள்ளி.

மூன்றே முறை என்பது
விற்கிறவர்கள் எல்லோரும் எழுதும் எண்.
நான்கு முறை என்று எழுதியவரை
நான் இதுவரை பார்த்ததில்லை.

இரவுப்பணி முடிந்து திரும்பும் பேருந்தில்
யென்னை வெள்ளியாக்கினேன்.
புதியது நானூற்றுப் பதினைந்து,
அனுப்பும் கூலி நாற்பது,
அதன் தலையில் ஒன்பது விழுக்காடு வரி.
ஏறக்குறைய ஐந்நூறு.
கடல் தாண்டியதால் துணி தடித்துவிடவில்லை,
அந்தக் கூலியை நான் ஏன் சுமக்க வேண்டும்
என்று ஜூரோங் ஈஸ்ட் வரை வாதாடினேன்.
புதிதாக வாங்கினால் நீயும் அதைக் கட்டத்தானே வேண்டும்
என்று கிளமெண்டியில் தோற்றேன்.

செங்காங்கில் அவர் புளோக்கின் அடியில் சந்திப்பு.
பெயர் ஃபட்லி.
ரப்பர் செருப்பு, அக்குளில் கூடாரப் பை.
சீனச் சதுரங்கம் வரைந்த கல்மேசையில்
பச்சைத் துணியைப் பரப்பினோம்.

துவாஸ் பட்டறையில்
பற்றவைப்புகளைப் பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை.
தையலும் பற்றவைப்பு மாதிரிதான்,
நடுவில் நன்றாகத்தான் இருக்கும்,
மூலையில் போய்ப் பார்க்க வேண்டும்.
ஜிப்பை ஏழெட்டுத் தரம் இழுத்தேன்.
மடிப்பு வெளுத்திருக்கிறதா என்று கைப்பேசி விளக்கில் பார்த்தேன்.
பிறகு, கூச்சத்தை விட்டு, முகர்ந்தேன்.

இந்த ஊரில் கூடாரம் வெயிலில் சாவதில்லை.
அலமாரியில் சாகிறது.

"எத்தனை வருடம்?"
"ஆறு. ஆனால் மூன்றே முறைதான், சிஸ்."
அந்த ஆறை அவர் எழுதியிருக்கவில்லை.
இடது மூலையில் உள்பூச்சு விரலில் ஒட்டியது,
வெயிலில் வைத்த மிட்டாய் போல.

முளைகளை எண்ணினேன். ஏழு.
"ஒன்று உபின் தீவில் இருக்கிறது.
பெரிய மழை. ஓடி வந்துவிட்டோம்."
ஆங்கிலத்தில்தான் சொன்னார்.
எனக்குள் அது தமிழாகிக் கேட்டது:
நாங்கள். அந்த நாங்களில் வேறு யார்
என்பது விலையில் சேராத கேள்வி.
கேட்கவில்லை.
"நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்," என்றார்,
"வெள்ளிக்கிழமை வீடு மாறுகிறேன். சின்ன வீடு."

மாறுகிறேன் என்றார்.

நூற்றைம்பது என்றிருந்தால்கூடக்
கொடுத்துவிட்டு மின்தூக்கி ஏறியிருப்பார்.
வாங்கக்கூடிய விலை ஒன்று, வாங்க வேண்டிய விலை ஒன்று.
இரண்டுக்கும் நடுவே அந்தக் கல்மேசையில்
அறுபது வெள்ளி உட்கார்ந்திருந்தது.
பெரிய மனசெல்லாம் இல்லை எனக்கு.
கணக்கு மட்டும் தப்பக் கூடாது.

ஐந்நூறில் பாதி இருநூற்றைம்பது.
எழுதாமல் விட்ட ஆறு வருடத்துக்கு இருபத்தைந்து கழிவு.
ஒட்டும் மூலைக்குப் பதினைந்து.
இருநூற்றுப் பத்து என்று வாய் திறக்கும்போது
இல்லாத முளை நினைவுக்கு வந்தது.
யானையை விட்டுவிட்டு
அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாதுதான்.
பேசினேன்.

கைப்பேசியில் வந்து விழுந்த எண்ணைப் பார்த்து
அவருக்குச் சிரிப்பு.
"இருநூற்று ஏழா? முளைக்கு மூன்று வெள்ளியா?"
"ஆமாம்."
"அது நல்ல முளை, சிஸ். ஜப்பான் இரும்பு."
"அதனால்தான் மூன்று. இல்லாவிட்டால் ஒன்று."

டிசம்பரில் உபின் போனேன், மாமாம் கடற்கரைக்கு.
அவர்கள் எந்தக் கரையில் தங்கினார்களோ,
நான் தேடவில்லை.
எட்டாவது கயிற்றை வாதாம் மரத்து வேரில் கட்டினேன்.
எதிரே ஜோகூர் விளக்குகள்.
பத்து மணிக்குத் தூறல்,
இரண்டு மணிக்கு வானம் மொத்தமும்.

தண்ணீர் வந்தது,
இடது மூலையில்,
நான் விரல் வைத்த அதே இடத்தில்.
முதலில் கோபம் வந்தது.
பிறகு, இருட்டில் தனியாக, ஒரு பட்டறைக்காரியின் பெருமை.
கால்களை மடக்கி வலப்பக்கம் நகர்ந்தேன்.
இந்த ஈரத்துக்கு
நான் ஏற்கெனவே பதினைந்து வெள்ளி வாங்கியாயிற்று.