தெற்கு வேலி

மாங்கூழ் ஆலை முதலாளி திம்மராயப்பன்
லண்டன் ஏலத்தில் எடுத்த படம்
ஏசி அறையில் தொங்குகிறது.
விலையை இரண்டு முறை சொன்னார்.
நான் வந்தது தெற்கு வேலியை அளக்க.

'பாரமகால்' என்று தலைப்பு,
அவரைக்கொடி மாதிரி சுருண்ட எழுத்து.
கீழ்மூலையில் ஒரு புலி,
பூனையைப் பார்த்து வரைந்த புலி.
பக்கத்தில் ஒரு பெண், தலையில் குடம்,
கையில் பூங்கொத்து.
கிருஷ்ணகிரியில் எவள் அப்படிப் போனாள்
தண்ணீருக்கு?

ஆனால் மலைகள்.
கம்பளிப்பூச்சிகள்போல
மயிர் மயிராய்க் கோடிழுத்த மலைகள்.
கோட்டை மலையில் எந்தப் பக்கம் ஏற முடியாதோ
அந்தப் பக்கம் கோடுகள் நெருக்கம்.
ஏறிப் பார்த்தவன் கை அது.
ஓரிடத்தில் மை தடித்திருக்கிறது,
மூச்சு வாங்க நின்றிருப்பான்.

தென்பெண்ணையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
அணை இல்லாத ஆறு.
யாரோ சொல்ல யாரோ கேட்டு எழுதிய
ஊர்ப்பெயர்கள், பாதி தெலுங்கு வாடையில்.
காவேரிப்பட்டணம் தாண்டிச்
சின்னச் சின்ன நீலத் துளிகள்,
ஒவ்வொன்றின் கரையிலும் ஒற்றைப் பனை.

அதில் ஒன்று
இரட்டைப் பாறைக்கும் பாட்டைக்கும் நடுவே.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.
பாறை இன்னும் இருக்கிறது,
டீசல் டேங்குக்குப் பின்னால்
சிமெண்ட் விளம்பரத்தைச் சுமந்துகொண்டு.
பாட்டைதான் இப்போது நெடுஞ்சாலை.
நடுவே நாங்கள் இருவரும்
ஏரிக்குள் உட்கார்ந்து
டீ குடித்துக்கொண்டிருக்கிறோம்.

"எப்படி மேடம், அழகா இல்ல?"
"நீலம் வெளுக்கவே இல்லையே."
"அந்தக் காலத்து மைங்க."

என் கையில் இருக்கும் புலப்படத்தில்
புலி கிடையாது, பனை கிடையாது.
எண், கோடு, முத்திரை,
புன்செய் என்று ஒரு சொல்.
இதை யாரும் சட்டம் போட்டு மாட்டமாட்டார்கள்.
கோர்ட்டுக்கு இதுதான் போகும்.

போனில் ஒரு படம் எடுத்தேன்.
கண்ணாடியில் டியூப் லைட் விழுந்து
ஏரி இருந்த இடம் மட்டும் வெள்ளையாய் வந்தது.
மறுபடி எடுக்கக் கேட்கவில்லை.

வெளியே கார்த்திகை வெயில்.
சீசன் இல்லாத ஆலையில்
ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
குடோனிலிருந்து சாலை ஓரத்துக்குத்
தண்ணீர் தள்ளியபடி.
"வருஷா வருஷம் இதே ரோதனைம்மா,
எங்கிருந்துதான் ஊறுதோ"
என்றார் வாட்ச்மேன் மாதப்பன்.

வேலி பக்கத்து நிலத்துக்குள்
ஒன்றரை அடி போயிருந்தது.
அதை எழுதினேன்.
நாடாவைச் சுருட்டும்போது
கடைசி முழம் நனைந்திருந்தது.
புடவையில் துடைத்துப்
பையில் போட்டேன்.