எதிர்ப்பெட்டி

சியாத்துராவில் இரண்டு பெட்டிகள் ஒரே வடத்தில் தொங்கும்.
ஒன்று ஏறினால்தான் மற்றது இறங்கும்.
நடுவானில், குவிரிலா ஆற்றுக்கு நேர்மேலே,
மூன்று நொடி இரண்டும் முகம் பார்த்துக்கொள்ளும்.

அந்த மூன்று நொடி போதும் என்றார்கள்
தலைநகரிலிருந்து வந்த ஆய்வுக்குழுவினர்.
காதுக்குப் பின்னால் மாதுளை விதையளவு ஒரு கருவி.
பதினேழு வயது. ஒன்பது நாள்.
இரண்டு வீட்டுப் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும்.
நூத்ஸாவும் நானும் பெயர் கொடுத்தோம்.
பெரிய காரணம் ஏதுமில்லை,
என் வேதியியல் தேர்வை அவள் எழுதட்டும் என்பதைத் தவிர.

நான் ஏறிக்கொண்டிருந்தேன்.
பிறகு இறங்கிக்கொண்டிருந்தேன்.
அவ்வளவுதான்.

கூடு விட்டுக் கூடு பாய்ந்ததும்
எனக்கு முதலில் தெரிந்தது ஷூ கடித்தது.
நாற்பது அளவுக் காலை
முப்பத்தெட்டுக்குள் திணித்துக்கொண்டு
இத்தனை நாள் என்கூட மலையேறியிருக்கிறாள்.
ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவள் கை தானாகவே இரண்டாம் முறை உப்புப் போட்டது.
அவள் கழுத்து இடப்பக்கமாய்த்தான் தூங்கியது.
அவள் தம்பி ரேசோ வாசலிலேயே நின்று சொன்னான்:
"நீ கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாய்.
அக்கா அப்படி உட்காரவே மாட்டாள்."

மூன்றாம் நாள், பள்ளிப் படிக்கட்டு.
என் உடம்பு எதிரே வந்தது,
என் பச்சைக் கம்பளிக்குள், என் நடையில்.
யாரோ ஏதோ சொல்ல, நூத்ஸா சிரித்தாள்.
வந்தது என் சிரிப்பு. என் தொண்டைக்கு
வேறு சிரிப்பு தெரியாது போலும்.

நான் பயப்படவில்லை.
கூடச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.
ஆனால் வயிறு முறுக்கிக்கொண்டது,
யாரோ ஈரத்துணியைப் பிழிகிறாற்போல.
தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறின.
யாரைக் கண்டு இப்படி என்று திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் சுவர்தான் இருந்தது.

ஆறாம் வகுப்பில் அவள் திக்கியதை
நான் நடித்துக் காட்டினேன்.
போன மாதம்கூட, ரொட்டிக்கடை வரிசையில், மறுபடி.
எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்,
அவளுக்குத்தான் நிறையப் பிடித்தது என்று நினைத்தேன்.
வாய் மட்டும்தான் சிரித்திருக்கிறது.
அந்த வயிற்றை வைத்துக்கொண்டு
இப்போது நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

இரவு தொலைபேசியில் என் குரல் கூப்பிட்டது.
"தாம்தா, உன் முழங்காலில் வலியே இல்லையே.
சுரங்கப் படி அத்தனையும் ஓடி ஏறினேன்.
முணுக்கென்றுகூட ஒன்றுமில்லை."

குத்தாய்சிக்காரி ஒருத்தியிடம்
பதினோரு நொடியில் மல்லாந்து விழுந்துவிட்டு,
முழங்கால் போச்சு என்று ஜூடோவை விட்டவள் நான்.
அம்மா மூன்று மாதம் தைலம் தேய்த்தாள்.

"உன் வயிறு..." என்று தொடங்கினேன்.
"என் வயிறுக்கு என்ன?"
"பசிக்கிறது" என்றேன்.
அவள் காத்திருந்தாள். வைத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் பனி.
எதிர்ப்பெட்டி எங்கே வருகிறதென்றே தெரியவில்லை.
வடம் முனகியதை வைத்துத்தான் நடுவழி என்று தெரிந்தது.
பிறகு என் தோளில் ஒரு வலி.

கரையேறியதும் கம்பளியை விலக்கிப் பார்த்தேன்.
கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலக் கன்றல்.
என்னைக் கேட்காமல் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்.
அந்தக் குத்தாய்சிக்காரியோடேயே மோதியிருக்கிறாள்,
ஒரு பிடிகூடத் தெரியாமல்.

நான் அவள் உடம்பில் விட்டுவந்தது ஒன்றுமில்லை.
ஒரு ஜோடி ஷூவாவது வாங்கியிருக்கலாம்.

அடுத்த பெட்டியில் இறங்கி, நொண்டியபடி வந்தாள்.
"எத்தனை நொடி தாங்கினாய்?"

"ப-ப-பதினான்கு" என்றாள், நிமிர்ந்து.

சிரிப்பு என் தொண்டைவரை வந்துவிட்டது.
அவள் தோள்களைப் பார்த்தேன்.