குடிக்காதவன் ஈரல்

"குடிப்பீங்களா?"
ஸ்கேன் அறையில் மாஹேக்காரப் பெண் கேட்டாள்,
விலாவில் குளிர்ந்த பசையைத் தடவிக்கொண்டே.
"இல்லம்மா, விப்பேன்."
அவள் சிரிக்கவில்லை.

கன்னியக்கோவில் ஒயின்ஷாப்பில்
பதினெட்டு வருஷமாக பில் போடுகிறேன்.
மூடியைத் திருகி மோந்து பார்த்தது கிடையாது.
நூற்று முப்பத்தாறு கிலோவும்
கடை சாத்தியபின் தின்ற பரோட்டா.
ஈரலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?
கொழுப்பேறி, தழும்பு விழுந்து
பதினொன்று புள்ளி நாலு என்றது மெஷின்.

அறுவை என்றதும் ஈரக்குலை நடுங்கிற்று.
"அதைத்தான் முதலில் சுருக்கணும்,
இரைப்பைமேல் கவிழ்ந்து கிடக்கு,
வீங்கினபடியே தூக்கினா கிழியும்" என்றார் டாக்டர்.
இரண்டு வாரம் மோர், ரசம், புரதப் பொடி.
பிறகு கோரிமேட்டில் ஐந்து துளை.
இரைப்பையில் முக்கால் பங்கு வாளிக்குப் போனது.
ஈரலில் யாரும் கைவைக்கவில்லை.
கத்தி பட்டது அடுத்த வீட்டில்,
காயம் ஆறியது இங்கே.

ஒரு வருஷம். நாற்பத்தொன்பது கிலோ.
அரை இட்லிக்கு இருபது நிமிஷம்.
முடி கொட்டிற்று, கன்னம் ஒட்டிற்று.
கம்பிக்குள் கைநீட்டுகிறவர்கள்
இப்போதுதான் விசாரிக்கிறார்கள்:
"என்னண்ணே, ஈரல் போயிடுச்சா?"
"கடைசியில நீயும் ஆரம்பிச்சிட்டியா?"
கெட்டுக் கிடந்த காலத்தில்
முதலாளி களை என்றவர்கள்.

நேற்று மறுபடி ஸ்கேன்.
ஆறு புள்ளி ஒன்பது.
தழும்பு கொஞ்சம் மிச்சமிருக்குமாம்.
மாஹேக்காரி பழைய கேள்வியைக் கேட்காமல்
'இல்லை'யில் தானே டிக் அடித்துக்கொண்டாள்.
சீட்டை மடித்துக்
கல்லாவில் சில்லறைக்கு அடியில் வைத்தேன்.

ஏழு மணிக்குப் பூவராகன்.
சிப்காட் ஷிப்ட் முடித்து
கடலூரிலிருந்து முள்ளோடை தாண்டி, தினமும்.
கை குச்சி, கண் மஞ்சள்,
வயிற்றுப் பக்கம் மட்டும் பொத்தான் பூட்டவில்லை.
"ஆபரேஷன் பண்ணி ஈரலைச் சரி பண்ணிட்டியாமே.
எனக்கும் பண்ணுவாங்களா?"

உனக்கு அறுக்க ஒன்றுமில்லையடா,
இந்தக் கம்பியை மூடினால் போதும்.
நாக்குவரை வந்தது.
"நாளைக்குக் கோரிமேட்டுக்கு வா, கூட வர்றேன்."
"நாளைக்கு டே ஷிப்ட்" என்றான்.

வழக்கமான குவார்ட்டர்.
பாக்கி பத்து ரூபாய்.
சில்லறை துழாவுகையில் சீட்டு விரலில் இடறியது.
ஒதுக்கிவிட்டு
எண்ணிக் கொடுத்தேன்.