ஆறாவது இலக்கம்

புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் வேண்டும்.
ஐந்தோடு நின்றால் ஒரு மீட்டர் பிசகலாம்,
ஆறு என்றால் அரைச் சாண்.
"அரைச் சாணுக்கு நம்மைச் சந்தேகப்படுகிறார்கள்"
என்கிறான் ராஸ்மானே நிக்கியெமா,
சிரிக்காமல்.

ஐவரி கோஸ்ட், கிக்லோவுக்கு மேற்கே,
மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.
பெலாஜி கைபேசியை ஏந்தி முன்னால் நடக்கிறாள்,
தளும்பும் பாத்திரத்தைக் கொண்டுபோவதுபோல.
தம்பியின் ரப்பர் பூட்ஸ், இரண்டு அளவு பெரிசு.
பூட்ஸ் முதலில் போகிறது, பாதம் பிறகு.
பேட்டரி முப்பத்தொன்று.
பெரிய மரத்தடிக்குப் போனால்
செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாய் நழுவுகின்றன.
மரமில்லாத இடத்தில்தான்
அம்புக்குறி அசையாமல் நிற்கிறது.

நாலு ஹெக்டேருக்குள் என்றால்
நடுவில் நின்று ஒரு புள்ளி வைத்தால் போதும்.
இவனுக்கு நாலு புள்ளி இரண்டு.
அந்தப் புள்ளி இரண்டுக்காக
ஓரம் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கிறது:
கரையான் புற்று, முள், ஓராண்டாய்ப் பேச்சுவார்த்தையற்ற
பக்கத்துத் தோட்டக்காரனின் எல்லைக் கல்.

பிறகு ஓடை.
ஓடைக்கு அப்பால் வெளிச்சம் கொஞ்சம் அதிகம்.

"தண்டு வீங்கும் நோய்" என்கிறான்.
"ஆபீஸிலிருந்து வந்தார்கள், சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள்,
வெட்டு என்றார்கள், வெட்டினேன்.
சீட்டுகூடக் கொடுத்தார்கள்."
சீட்டு எங்கே?
"கரையான் கேட்டது. கொடுத்துவிட்டேன்."

மேலிருந்து பார்க்கிறவனுக்கு
நிழல்மரத்தின் கீழிருக்கும் கொக்கோவும் பச்சை,
காடும் பச்சை.
முந்தைய படத்தில் பச்சை, பிந்தையதில் பழுப்பு.
இரண்டுக்கும் நடுவே ஒரு டிசம்பர் முப்பத்தொன்று.
அன்று நள்ளிரவுக்கு முன் விழுந்த மரம் வரலாறு,
பின்னால் விழுந்தது குற்றம்.
பெலாஜியின் அப்பா எண்பத்து நாலில் வெட்டியவர்,
பதினோரு ஹெக்டேர், தீ வைத்து.
அந்தக் கொட்டை சுத்தமானது.
சான்றிதழோடு
சான் பெத்ரோவில் கப்பலேறுகிறது.

அடிக்கட்டைகளைப் பார்த்துக்கொண்டே போகிறாள்.
தொடைப் பருமன், தொடைப் பருமன், அதைவிடச் சிறிது.
கொக்கோதான். பொய்யில்லை.
பிறகு ஒன்று,
நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம்.
இரோக்கோவுக்கு
எந்த ஆபீஸும் சிவப்புப் பெயின்ட் அடித்ததில்லை.

நடந்த களைப்பில் நிக்கியெமா
அதன்மேலேயே உட்காருகிறான்.
சட்டையை இருபுறமும் இழுத்துவிட்டுக்கொள்கிறான்.
சட்டை போதவில்லை.

கொஞ்ச நேரம் ஓடை மட்டும் பேசுகிறது.
"பள்ளிக்கூடம் செப்டம்பரில் திறக்கும்" என்கிறான் கடைசியில்,
யாரிடம் என்றில்லாமல்.

என் மொழியில்
எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் விலகும், மெய் மிஞ்சும்.
இந்தத் திரைக்கு அந்த இலக்கணம் தெரியாது.
வைத்த புள்ளியை அப்படியே நம்பும்.

பெலாஜி திரும்பி நடக்கிறாள்.
ஓடைக்கரையோடு கோட்டை வளைக்கிறாள்.
கால் ஹெக்டேர் வெளியே நின்றுவிடுகிறது,
சாப்பாட்டுக்குக் கூப்பிடாத உறவினன் மாதிரி.
திரை சற்று யோசிக்கிறது.
மூன்று புள்ளி ஒன்பது ஐந்து.
நாலுக்குள்தான். சுற்றியிருக்கவே வேண்டாம்,
ஒரு புள்ளி போதும் என்கிறது.

அப்பால் முழங்கால் உயரத்துக்குப் புதுக் கன்றுகள்.
மூன்றாம் ஆண்டில் காய்க்கும்.
அந்தக் கொட்டை எந்தச் சாக்கில் விழும் என்று
அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
காயவைக்கும் பாயில் எல்லாமே ஒரே பழுப்பு.

பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்க்கிறாள்.
பேட்டரி பன்னிரண்டு.
இருட்டுவதற்குள் இன்னும் மூன்று தோட்டம்.
கூப்பிட்டுப் பார்க்கிறாள்.
அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.