பின்னால் சாய்தல்

அல் ஐன். ஜூலை. காலை ஐந்தேகால்.
வாய்க்காலில் முறைத்தண்ணீர் வருவதற்குள்
வெக்கை வந்து உட்கார்ந்துவிட்டது தோப்பில்.
என் கையில் படிவம், பதினேழு கேள்விகள்.
ஜுமன் தோளில் கயிறு.

ஈச்சநார் முறுக்கியது.
முதுகு பதியும் இடம் மட்டும்
இரண்டு கை அகலத்துக்குப் பாய்போலப் பின்னல்.
தயாரிப்பாளர் யார்?
தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.
காலாவதித் தேதி?
"அதைக் கயிறே சொல்லும் மேடம்."
எப்படிச் சொல்லும் என்று எழுத
ஒன்றரை அங்குலக் கட்டம் தந்திருக்கிறார்கள்.

ஏணிவண்டி இந்த மண்சுவர்ச் சந்துக்குள் நுழையாது.
மூன்று முறை முயன்று
மூன்றாம் முறை சுவரை இடித்தது.
போன பருவத்தில் விழுந்தவன் தொஃபஜ்ஜல்.
சிவப்புப் பட்டைக் கவசம், எஃகுக் கொக்கி, எல்லாம் புதுசு.
கொக்கியை மாட்டியது காய்ந்த மட்டையின் அடியில்.
கவசத்துக்குத் தரச்சான்று இருந்தது.
மட்டைக்கு இல்லை.

ஏறிப் பார்க்கிறேன் என்றேன்.
ஜுமன் என் காலணியைப் பார்த்தான், பிறகு வானத்தை.
நெய்வேலிச் சுரங்கத்தில் அப்பா வேலை பார்த்த வீட்டில்
ஆழத்தைப் பற்றித்தான் பேச்சு;
உயரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இரண்டு ஆள் உயரம்கூட இருக்காது.
மட்டைவெட்டுகள் பாதத்தில் குத்த,
பயந்தவள் முதலில் செய்வதைச் செய்தேன்:
மரத்தைக் கட்டிக்கொண்டேன்.
கட்டிக்கொண்டதும் கயிறு தொய்ந்தது.
கீழிருந்து ஜுமன் கத்தினான்:
"விடுங்கள்! பின்னால் போங்கள்! பின்னால்!"
சாய்ந்தேன்.
கயிறு கடித்தது மரத்தை.
முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில்
என் எடை முழுக்கப் போய் உட்கார்ந்தது.
நம்பிக்கை என்றெல்லாம் எழுத மாட்டேன்.
அது இழுவிசை. கொஞ்சம் உராய்வு.
ஆனாலும் இறங்கிய பிறகு
வெகுநேரம் தண்ணீர் குடித்தேன்.

அப்புறம்தான் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினான்.
கெனைசி மரம், உச்சி, ஒற்றைக் கயிறு.
மட்டையைக் கழிக்கும் அரிவாள்
கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும் எப்போதும்.
அன்றைக்கு அந்தச் சாண் இல்லை.
பாத்தியில் தண்ணீர் நின்றதால்
இரண்டு எலும்போடு போயிற்று.
"கயிறு சொல்லவில்லையா?" என்றேன்.
"சொல்ல நேரம் இல்லை மேடம்."

ஆக, இரண்டு கயிறு.
உன்னுடையது ஒன்று,
எஃகு நரம்பு ஓடும் என்னுடையது ஒன்று.
என் உடைந்த உருதுவில் விளக்கினேன்.
தலையாட்டிக் கேட்டுவிட்டு அவன் கணக்குச் சொன்னான்:
ஒரு கயிறென்றால் நாளுக்குப் பதினெட்டு மரம்.
இரண்டென்றால் அடிக்கு அடி இரண்டு வீச்சு,
பதினொன்று ஏறினால் அதிகம்.
கூலி மரத்துக்கு.
மிச்சம் ஏழு மரத்தை
கைர்ப்பூரில் என் மகள்களிடம் நீங்கள் சொல்லுங்கள்.

பதினேழு கேள்விகளில் இது இல்லை.
படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பின்பக்கத்தில் எழுதினேன்:
மரக்கூலியை நாள்கூலியாக மாற்றாமல்
இரண்டாம் கயிறு மேலே போகாது.
அலுவலகத்திலிருந்து பதில் வந்தது:
கயிற்றின் முத்திரைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பவும்.

இன்று காலை ஜுமன் சீட்டு கட்டியிருக்கிறான்,
பேரீச்சைப் பெட்டியில் கிழித்த அட்டை,
சிந்தி எழுத்தில் தன் பெயர், நேற்றைய தேதி.
படம் எடுத்துக்கொண்டேன்.
என் கண்முன் முதல் மரத்தில்
இரண்டு கயிறும் போட்டு ஏறினான்,
பரீட்சை எழுதும் பிள்ளையின் ஒழுங்கோடு.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.
தெரிவதில்லை, கேட்கிறது.
கயிறு எம்பி மரத்தில் விழும் சத்தம்.
சரக்.
இன்னொன்று வர வேண்டும்.
பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
நிற்கிறேன்.